யாரையும் கூப்பிட வேண்டாம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இது நடந்தது. நடந்த வீடு இன்னும் அங்கேதான் நிற்கிறது. கேட்டால் வழி சொல்கிறேன். நடந்தது வெண்டல் கோர்ப்பி என்பவருக்கு. பேயைப் பார்த்தேன் என்று சொல்ல அவருக்குக் கொஞ்சமும் கூச்சம் கிடையாது. அதற்கு முந்தைய வாரங்களில் என்ன செய்தார் என்பதைச் சொல்லும்போதுதான் தலை தானாகக் குனிந்துவிடும். என்னிடம் சொன்னபோதும் அப்படித்தான். என் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தார்.

மினசோட்டா மாநிலத்தின் வடக்கே, இரும்புச் சுரங்கங்கள் இருக்கும் பக்கம். அங்கே வீடு உயரத்துக்கு இருக்கும் சுரங்க லாரிகளைப் பழுது பார்த்தே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவர் வெண்டல். துணி துவைக்கும் இயந்திரமோ பனி தள்ளும் இயந்திரமோ, எது நின்றுபோனாலும் ஊரார் அவர் வாசலுக்குத்தான் கொண்டுவருவார்கள். "வெண்டல் கை வெச்சா ஓடிடும்" என்பது அங்கே சாதாரணப் பேச்சு. அந்தப் பேச்சில்தான் மனிதர் கொஞ்சம் மயங்கியிருந்தார்.

ஓய்வு பெற்ற வருடம், இலை உதிரும் காலத்தில், அவரும் மனைவி மார்லிஸும் ஊர்க்கோடியில் ஒரு பழைய வீட்டை வாங்கினார்கள். விற்றவர் வெர்னன் சாண்ட்விக் என்ற கிழவர். மனைவி இறந்து வெகுகாலமாகத் தனியாக இருந்தவர், முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். நல்ல வீடு. நிலவறையில் ஒரு பழைய ஃபர்னஸ். கேஸில் எரிந்து, குழாய்கள் வழியாக எல்லா அறைக்கும் சூடான காற்றை அனுப்பும். குளிர்காலத்தில் அது இல்லாமல் அந்தப் பக்கம் ஒரு நாள் வாழ முடியாது.

டிசம்பரில் அது சத்தம் போட ஆரம்பித்தது. பற்றிக்கொள்ளும்போதெல்லாம் "டும்" என்று யாரோ கதவில் தோளால் மோதுவது போல ஒரு சத்தம். பிறகு சன்னல் கண்ணாடிகள் உள்பக்கமாக வியர்க்கத் தொடங்கின. சமையலறைச் செடி வாடியது. பிறகு மார்லிஸுக்குத் தலைவலி.

"வெண்டல், தலை பிளக்குது. வீட்டுக்கு வந்தாத்தான் இப்படி ஆகுது. ஸ்கூல்ல நல்லாத்தானே இருக்கேன்?" மார்லிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவர்.

"அவ்வளவு பிள்ளைங்க கத்துறப்ப வராத தலைவலி என் மூஞ்சியப் பாத்தா வருதாக்கும்?"

"விளையாடாத. அந்த லோர்னாவக் கூப்பிடேன். வந்து பாத்துட்டுப் போகட்டும்."

லோர்னாதான் ஊரில் ஃபர்னஸ் பழுது பார்ப்பவள். "ஃபர்னஸுக்குக்கூட டாக்டர் வேணும்னா அப்புறம் எனக்கு எதுக்குக் கை?" என்று அவளை வைத்துக்கொண்டே காபிக்கடையில் ஒருமுறை கிண்டல் செய்திருந்தார் வெண்டல். இப்போது அவளையே கூப்பிடுவதா?

"யாரையும் கூப்பிட வேண்டாம்," என்றார். "நானே பாத்துக்கறேன்."

பார்க்கவும் செய்தார். மூடியைக் கழற்றினார். நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாக ஆடிக்கொண்டிருந்தது. மேலே தகரத்தில் கரி படிந்திருந்தது. அது நல்லதல்ல என்று அவருக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியவில்லையே என்பதுதான் இன்றைக்கும் அவருக்கு இருக்கும் பெரிய வேதனை. பிரஷ் வைத்துத் தேய்த்தார். இரண்டு நாள் நீலமாக எரிந்தது. மறுபடியும் மஞ்சள். மூடியை மாட்டிவிட்டு மேலே வந்தார்.

"சரியாயிடுச்சா?"

"ஆச்சு."

அந்த வாரமே கூடத்துச் சுவரில் இருந்த விஷவாயு அலாரம் கத்தியது. பழசாகிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பேட்டரியைப் பிடுங்கி, அலாரத்தைச் சமையலறை இழுப்பறைக்குள் போட்டார்.

பிறகுதான் காலடிச் சத்தம். நிலவறையில் யாரோ நடப்பார்கள். நிற்பார்கள். மறுபடி நடப்பார்கள். ஒருநாள் மார்லிஸ் துணிக்கூடையோடு பாதிப் படியில் நின்றுவிட்டார். கீழே யாரோ குனிந்திருந்தது போலத் தெரிந்ததாம்.

வெண்டலுக்கு இது வசதியாகப் போயிற்று. காபிக்கடையில் உட்கார்ந்து, "என் வீட்ல பேய் இருக்குப்பா" என்று அவிழ்த்துவிட்டார். கோர்டி என்ற பழைய சிநேகிதர், சுரங்கத்தில் கூட வேலை பார்த்தவர், தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"ஏண்டா, பேய்க்கிட்ட வாடகை வாங்குறியா இல்லையா?"

"அதான் எனக்கு வாடகை தரணும். சூடு என்னுது."

கடையே சிரித்தது. வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மார்லிஸ் சிரிக்கவில்லை.

"பேய் இருக்குன்னு சொல்ல வெக்கமில்ல. லோர்னாவக் கூப்பிட மட்டும் வெக்கம். அப்படித்தானே?"

வெண்டல் பனி தள்ளும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

ஜனவரி நடுவில் பெரிய பனிப்புயல் வந்தது. பள்ளிக்கூடம் மூடிவிட்டார்கள். வாசல் கதவின் பாதி வரை பனி. இரண்டு நாளாக மார்லிஸ் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. முதல் நாள் வாந்தி. அடுத்த நாள் எழுந்திருக்கவே முடியவில்லை. ஊரெல்லாம் காய்ச்சல் பரவியிருந்த நேரம். இதுவும் அதுதான் என்று வெண்டல் முடிவு கட்டினார். அவருக்கும் தலை கனத்தது. காட்டரிசி சூப் செய்து எடுத்துப் போனால், மார்லிஸ் கண்ணைத் திறக்காமலே வேண்டாம் என்று கையசைத்தார்.

"தூங்கு," என்றார் வெண்டல்.

மதியம் மூன்று மணி இருக்கும். வெளியே வெள்ளை இருட்டு. கீழே ஃபர்னஸ் பற்றும், அணையும், பற்றும், அணையும். பிறகு ஒரேயடியாக நின்றுபோனது. வீடு அமைதியானது.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

டக்... டக்... டக்...

தரையில் சூடான காற்று வரும் கம்பிவலை வழியாக வந்தது. தகரத்தை யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுகிற சத்தம். வெண்டலுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். வேலை தெரிந்தவன் தட்டுகிற தட்டு.

கைக்கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். கால்கள் தன்னுடையவை போல இல்லை. நிலவறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் போடவில்லை.

ஃபர்னஸின் முன்னால் ஒரு ஆள் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தான். முதுகு மட்டும்தான் தெரிந்தது. சாம்பல் நிறச் சட்டை, தோளில் கால்சட்டையைத் தாங்கும் பட்டை, காலில் செருப்பில்லாமல் கம்பளிக் காலுறை. தலையை ஃபர்னஸுக்குள் விட்டுத் தட்டிக்கொண்டிருந்தான். ஏதோ அவன் வீட்டு வேலை போல.

வெண்டலுக்குப் பயமே வரவில்லை. அதை நினைத்துத்தான் பின்னால் பயந்தார். யாரோ வேலை செய்கிறான், நல்லது என்று தோன்றியது. அவ்வளவுதான்.

தட்டுவது நின்றது.

"ஸ்பானரக் குடு," என்றான் அவன். திரும்பவில்லை. கை மட்டும் பின்னால் நீண்டது.

வெண்டல் கொடுத்தார்.

கை அதை வாங்கியது. சில்லென்ற கை... ஃபர்னஸுக்குப் பக்கத்தில் இருக்கிற கை, ஏன் அவ்வளவு சில்லென்று இருக்க வேண்டும்?

"ரொம்ப மோசமா?" என்று கேட்டார். நாக்கு குழறியது.

"கொஞ்சம்தான் பாக்கி."

டக்... டக்...

"மார்லிஸுக்கு உடம்பு சரியில்ல."

"தூங்கட்டும்."

டக்...

"லோர்னாவ... கூப்பிடவா?"

சத்தம் நின்றது.

"யாரையும் கூப்பிட வேண்டாம்," என்றான். "நானே பாத்துக்கறேன்."

வெண்டலின் குரல் அது.

ஒத்த குரல் அல்ல. அவருடைய குரலே. மார்லிஸிடம் அவர் சொன்ன அதே இழுப்பு.

அவன் திரும்பினான்.

தெரிந்த முகம் அல்ல. ஆனால்...

கன்னம் இரண்டும் ரோஜா நிறம். உதடு சிவப்பு. குளிரில் விளையாடிவிட்டு வந்த குழந்தைக்கு இருக்குமே, அந்த நிறம்.

கண் மட்டும் அசையவில்லை.

வெண்டல் படியில் விழுந்தார். எழுந்தார். மறுபடி விழுந்தார். கையால் ஊன்றி ஊன்றி ஏறினார்.

பின்னால் தட்டும் சத்தம் மறுபடி தொடங்கியது.

படுக்கையறை.

"மார்லிஸ்!"

அசைவில்லை.

போர்வையை விலக்கினார்.

கன்னம் இரண்டும் ரோஜா நிறம்...

மனைவியைப் போர்வையோடு தரையில் இழுத்து, வாசல் கதவைத் தோளால் முட்டித் திறந்து, பனிக்குள் விழுந்ததுதான் அவருக்கு ஞாபகம். போனில் என்ன சொன்னார் என்று தெரியாது. பனி தள்ளும் வண்டி முன்னால் வர, பின்னாலேயே தீயணைப்பு வண்டி வந்தது. அந்த ஊரில் தீயணைப்புக்குத் தனி ஆள் கிடையாது. காபிக்கடையில் கூடுகிறவர்கள்தான் எல்லாம். கோர்டிதான் முதலில் குதித்தார்.

வாயு அளக்கும் கருவியோடு உள்ளே போன கோர்டி உடனே வெளியே ஓடி வந்து முகமூடியை மாட்டிக்கொண்டார்.

"வீடு பூரா கார்பன் மோனாக்சைடுடா! அலாரம் அடிக்கலையா?"

உள்ளாடையோடு, மேலே யாரோ போர்த்திய கோட்டோடு, ஆக்சிஜன் முகமூடிக்குள் வெண்டல் தரையையே பார்த்தார்.

"அலாரம் எங்க?"

"...இழுப்பறைல."

சுற்றி நின்றவர்கள் எல்லாம் அவரிடம் ஏதாவது ஒன்றைப் பழுது பார்க்கக் கொடுத்தவர்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. கோர்டி வேறு பக்கம் திரும்பி மார்லிஸின் ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டார். "இந்த வாயுவ சுவாசிச்சவங்க மூஞ்சி கடைசி வரைக்கும் செவப்பாத்தான் இருக்கும். பாக்க நல்லாத் தூங்குற மாதிரியே இருக்கும்," என்று யாரிடமோ சொன்னார்.

மார்லிஸ் பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் கணவரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்," என்றார் வெண்டல். மார்லிஸ் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

புயல் ஓய்ந்ததும் லோர்னா வந்து ஃபர்னஸைப் பிரித்தாள். ஏன் கூப்பிடவில்லை என்று அவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

"தீயையும் வீட்டுக் காத்தையும் பிரிக்கிற இரும்புச் சுவர்ல வெடிப்பு விட்டிருக்கு, கோர்ப்பி சார். மஞ்சத் தீ, கரி, கண்ணாடி வேர்க்கறது, டும்முனு சத்தம், தலைவலி, எல்லாம் இதோட அறிகுறிதான். இதுல ஒண்ணைப் பாத்தாலே எங்கள மாதிரி ஆளக் கூப்பிட்டுடணும். இந்த வாயு மூளைக்கு ஏறினா நடக்குற சத்தம் கேக்கும், ஆள்கூடத் தெரியும்."

வெண்டலுக்கு நிம்மதியாக இருந்தது. அப்படியானால் அது வாயு. கீழே பார்த்ததை அவர் அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை; மார்லிஸிடம்கூட. இனிச் சொல்லவும் வேண்டியதில்லை.

"ஆனா இத ஏன் பண்ணீங்க?" என்றாள் லோர்னா.

டார்ச்சை உள்ளே அடித்துக் காட்டினாள். வெடிப்பின் மேல் ஒரு தகரத் துண்டை வளைத்துத் தட்டி ஒட்டுப் போட்டிருந்தது. துருப் பிடித்த, மிகப் பழைய ஒட்டு. அதன் ஓரம் கிழிந்துதான் வாயு வந்திருக்கிறது.

"நான் பண்ணல."

லோர்னா தலையாட்டினாள். அவள் நம்பவில்லை என்பது தெரிந்தது. நம்புவதற்கு அவர் என்ன யோக்கியதையை மிச்சம் வைத்திருந்தார்?

பனி உருகும் முன்பே வெண்டல் முதியோர் இல்லத்துக்குப் போனார். வெர்னன் சாண்ட்விக் சன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். வெண்டல் உட்காரக்கூட இல்லை.

"ஃபர்னஸ்ல ஒட்டுப் போட்டு, அத மறைச்சு எங்க தலைல கட்டிட்டீங்களே. என் மனைவி சாகக் கிடந்தா."

கிழவர் சன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

"பொழைச்சுட்டாளா?"

"பொழைச்சுட்டா."

"நல்லது தம்பி. நல்லது." கிழவர் மடியில் கிடந்த போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார். "என் மனைவி ஹெலனுக்கும் காய்ச்சல்னுதான் நெனச்சேன். இதயம் நின்னுடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டுப் போனாரு. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயத் திறக்கல. வெக்கம். ஆளக் கூப்பிட வெக்கப்பட்டேன். அப்புறம் அதச் சொல்ல வெக்கப்பட்டேன்."

வெண்டலின் கோபம் இருந்த இடம் தெரியாமல் போனது. இவரைத் திட்டத் தனக்கு என்ன உரிமை? கிளம்பத் திரும்பினார்.

கிழவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"உன்கிட்ட என்ன கேட்டான்?"

வெண்டல் கையை உருவப் பார்த்தார்.

"யாரு?"

"கீழ இருக்கறவன்."

"...ஸ்பானர்."

கிழவர் மெதுவாகத் தலையாட்டினார்.

"யாரு அவன்? உங்களுக்கு முன்னாடி அந்த வீட்ல இருந்தவனா?"

"முன்னாடியா? அந்த வீட்டக் கட்டினதே நான்தான் தம்பி. அதுக்கு முன்ன அங்க வெறும் காடு. வாழ்ந்தவனும் இல்ல, செத்தவனும் இல்ல."

"அப்ப... அந்த ஒட்டு?"

"நான் போடல," என்றார் வெர்னன். "நான் டார்ச் மட்டும்தான் புடிச்சேன்."