தோணிரேவு வீட்டின் முதல் சீட்டு

ஒரு வீட்டு விற்பனைச் சீட்டில் நான்கெல்லை எழுதிக்கொண்டிருந்தேன். கிழக்கெல்லை முடிந்து தெற்கெல்லைக்கு வந்தபோது ஆரம்பாக்கத்துப் படகுக்காரர் வாசலில் வந்து நின்றார். "கணக்குப்புள்ளே, கருவாட்டுக் கன்னியம்மா தவறிப் பூட்டாங்க. காத்தால தான், மவ வூட்ல" என்றார். அதற்குப் பிறகு நான் எழுதியதை எல்லாம் மறுநாள் அடித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டியிருந்தது.

பழவேற்காட்டில் அவள் வீட்டில் குடியிருந்தவர்கள், அவளிடம் திட்டு வாங்கியவர்கள், இரண்டும் செய்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு அவளை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கருவாடு விற்றுச் சேர்த்ததில் நெசவுக்காரத் தெருவில் இரண்டு வீடும், ஏரிக்கரையில் தோணிரேவில் ஒன்றும் வாங்கினாள். மூன்றுக்கும் சீட்டு எழுதியவன் நான். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேட்டுத்தான் கைநாட்டு வைப்பாள். "புரியாம வச்சா என் விரலுக்கே அசிங்கம்" என்பாள். அவள் வருகிறாள் என்றால் அன்றைக்கு எனக்கு வேறு வேலை ஓடாது.

ஒரு முறை வாடகை தராதவனைக் கிளப்புவதற்குக் கதவைக் கழற்றலாமா என்று கேட்டு வந்தாள். அப்போது பல வீட்டுக்காரர்கள் அப்படித்தான் செய்தார்கள். கோட்டை நீதிமன்றத்தில் அவன் முறையிட்டால் உனக்கு அபராதம் விழலாம், விழாமலும் போகலாம் என்றேன். "அவன் பொண்டாட்டி புள்ளதாச்சி. கதவ எட்த்தா நாய் உள்ள போவும், வாடக வெளிய வராது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கோட்டைச் சட்டத்தை மனப்பாடமாக வைத்திருந்த எனக்கு அது தோன்றவில்லை.

தோணிரேவு சங்கதிதான் பெரியது. அந்த ஊர் வழக்கம் உங்களில் சிலருக்குத் தெரியும். பழைய கூரை போய்ப் புதிதாகப் போடும்போதெல்லாம் முதல் கட்டுப் பனையோலையை வீட்டுக்குச் சொந்தக்காரர் தம் கையால் ஏற்ற வேண்டும். அவர் வராமல் குடியிருப்பவர் ஏற்றிவிட்டால், அந்தக் கூரை நிற்கும் வரை அவரைக் கிளப்ப முடியாது, வாடகையும் கேட்க முடியாது. ஒரு புயலில் கூரை பறந்தது. அங்கே குடியிருந்த ஏகாம்பரம் இரண்டு தடவை ஆள் அனுப்பினான். கன்னியம்மா ஆரம்பாக்கத்தில் மகளின் பிரசவத்தில் இருந்தாள், நகர முடியவில்லை. மழையில் எத்தனை நாள் நனைவான்? அவனே கூரை போட்டுவிட்டான்.

அவள் கோபமாக என்னிடம் வந்தாள். "கோட்டைக்குப் போலாம், சீட்டு கீதில்ல" என்றாள். வாங்கிப் படித்தேன். அப்போதுதான் என் பிழை கண்ணில் பட்டது. தோணிரேவில் மண் ஊர்ப் பொது. விற்பதும் வாங்குவதும் மேலே நிற்கும் வீட்டை மட்டும்தான். நானோ நகரத்துச் சீட்டு எழுதிப் பழகிய கையால் "மண்ணும் மனையும் வீடும்" என்று எழுதியிருந்தேன். கோட்டை முத்திரையும் விழுந்திருந்தது. கோட்டையில் கூரையைப் பார்க்க மாட்டார்கள், எழுத்தைத்தான் பார்ப்பார்கள்; மண் எழுதாத வீடு என்றால் ஊர் வழக்கத்துக்கே விட்டுவிடுவார்கள். இதைக் காட்டினால் உனக்கே தீர்ப்பாகும் என்றேன். என் பிழை என்பதையும் சொன்னேன், முணுமுணுப்பாகத்தான்.

"அப்போ இத வச்சி நா ஜெயிச்சா, அந்த மண்ணு என்துன்னு ஆயிடுமா?"

"ஆகிவிடும்."

"நாளிக்கி பக்கத்து வூட்டுக்காரனும் இதே மாரி ஒண்ணு எய்தி எவனுக்கோ வித்துட்டா? வல காயப் போட எங்க போவாங்க, கணக்குப்புள்ளே?"

மண்ணை எடுத்துவிட்டு வேறு சீட்டு எழுதச் சொன்னாள். முழுப் பைத்தியமா நீ என்று கத்தினேன். எழுதிக் கொடுத்தேன். பழையதைக் கிழிக்கப் போனவனைத் தடுத்து, "உங்க தப்பு உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள்.

ஊர்ப் பெரியவர்கள் வழக்கப்படியே சொன்னார்கள்: கூரை நிற்கும் வரை ஏகாம்பரத்துக்கு. அவன் லேசுப்பட்டவனா? ஒவ்வொரு மழைக்கு முன்பும் இங்கே நாலு ஓலை, அங்கே நாலு ஓலை என்று செருகிக்கொண்டே வந்தான். கூரை விழவே இல்லை. "என்னவிட அந்தக் கூரைக்கு ஆயுசு கெட்டி" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் வருத்தமும் இருந்தது. அந்த வீட்டுக்குள் மறுபடி கால் வைக்காமலே போய்விட்டாள்.

காரியம் முடிந்த மறுவாரம் அவள் மகள் என்னைத் தேடி வந்தாள். இளைய குழந்தை தோளில் தூங்கியது. "மாமா, அம்மாவுக்கு மொதல்ல எய்தின சீட்டு உங்ககிட்ட கீதாமே? குட்த்தா கோட்டைல காட்டி வூட்ட வாங்கிடுவேன்" என்றாள்.

"இருக்கிறது. தர மாட்டேன்" என்றேன்.

"இன்னா மாமா, எங்க வூடு தான?"

வீடு உங்களுடையது, மண் இல்லை என்றேன். முகம் சிவந்து எழுந்து போனாள். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிழை என்னுடையது, இழப்பு அவளுடையது.

இத்தனை காலம் யார் என்ன கேட்டாலும் எழுதிக் கொடுத்துப் பிழைத்தவன் நான். ஒருவரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன். கன்னியம்மாவிடம் நான் கற்றுக்கொண்டது முடியாது என்கிற அந்த ஒரு சொல்தான். அதை முதன்முதலாக அவள் மகளிடமே சொல்ல வேண்டியதாயிற்று.