உம்மாவுக்குச் சுகமில்லை

போன வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து வந்து சோற்றில் கை வைத்த நேரம் போன் அடித்தது. ஜெஸீமா. என் கூட்டாளி அன்சாரின் மனைவி. (இரண்டுமே நான் வைத்த பெயர்கள். ஊரிலுள்ள அசல் அன்சார்கள் கோபிக்க வேண்டாம்!) ஜெஸீமா என்னைக் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவாள்.

"காக்கா, உண்மையச் செல்லுங்க. உங்கட கூட்டாளி ரெண்டாம் கலியாணம் முடிச்சிட்டாரா?"

சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

விஷயம் இதுதான். நம் கல்முனைப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருபவர். அப்படி வந்தவர் மறுபடியும் தன்னைப் பெற்ற உம்மாவின் வீட்டில் போய்ப் படுக்க ஆரம்பித்தால்? தெருவே தீர்ப்பு எழுதிவிடும். அன்சார் சில மாதங்களாக அங்கேதான் படுக்கிறான். கேட்டால், "உம்மாவுக்குச் சுகமில்ல" என்கிறான். அந்த உம்மாவோ ஒரு கலியாண வீட்டில் புரியாணியை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கியதை ஜெஸீமா தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள். போதாக்குறைக்கு, அவனுடைய மோட்டார் சைக்கிள் அடிக்கடி நாவிதன்வெளி ரோட்டில் ஓடுவதாகத் தகவல். அங்கே அவனுக்கு வயலும் இல்லை, வரம்பும் இல்லை. அவள் வேறென்னதான் நினைப்பாள்?

"ஞாயித்துக்கிழமை என்ட காக்காமார் வந்து கதைக்கப் போறாங்க. அதுக்குப் பிறகு என்னால ஒண்டும் செய்ய ஏலாது." குரல் உடைந்திருந்தது. எனக்கும் பயம் வந்துவிட்டது. நல்ல குடும்பம்... இப்படியா முடிய வேண்டும்?

அஸர் தொழுகைக்குப் பிறகு அன்சாரைக் கடற்கரைக்கு இழுத்துப் போனேன். சுற்றி வளைக்கவில்லை. நேராகவே கேட்டேன்.

அவன் சிரிக்கவில்லை. "இரிக்கிற பொண்டாட்டிக்கிட்டயே போக ஏலாம இரிக்கன் மச்சான். இதுக்குள்ள இன்னொரு கலியாணமா?"

பிறகு எல்லாவற்றையும் கொட்டினான். உடம்பு ஒத்துழைக்கவில்லை. ஒரு தடவை முடியாமல் போனது. அடுத்த தடவை அந்தப் பயத்திலேயே முடியவில்லை. வெட்கம் தாங்காமல் உம்மாவை நோயாளி ஆக்கியிருக்கிறான். நாவிதன்வெளியில் இருந்தது இன்னொரு வீடு அல்ல — லேகியம் விற்கும் ஓர் ஆள். பிரஷர் குளிசைதான், அந்த மாத்திரைதான், காரணம் என்று யாரோ சொல்ல, அதையும் தானாகவே நிறுத்தியிருந்தான். பாவி!

மறுநாள் டொக்டரிடம் போனோம். ஊருக்குள் வேண்டாம் என்று அடம்பிடித்து, திருக்கோவில் என்ற ஊர் வரைக்கும். அங்கேயும் தன் முறை வரும்வரை ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. எல்லோரும் அவனையே பார்த்தார்கள். கழற்றியிருந்தால் ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

டொக்டர் சிரிக்கவுமில்லை, முகம் சுளிக்கவுமில்லை. காய்ச்சலை விசாரிப்பதுபோல விசாரித்தார். விரலில் குத்திச் சீனி பார்த்தார். ஏறிக் கிடந்தது.

"இது உங்கட ஆம்பிளத்தனத்துக்கு வந்த குறை இல்ல" என்றார். "அங்க போற ரத்தக் குழாய் சின்னது. சீனியும் பிரஷரும் கூடினா முதல்ல அதுதான் காட்டும். நெஞ்சுக்குப் போற குழாயையும் பாக்கச் சொல்லி உடம்பு சொல்லுது. பிரஷர் குளிசைய நீங்களா நிப்பாட்டக் கூடாது. ஒத்துவராட்டி நான் மாத்தித் தருவன்."

"இதுக்கு மருந்து இரிக்கா டொக்டர்?"

"ஓம், இருக்கு. கன பேருக்குச் சரிவரும். ஆனா கேக்காம வாங்கிப் போடாதீங்க. நெஞ்சு வருத்தத்துக்குக் குடிக்கிற சில குளிசையோட சேர்ந்தா உயிருக்கே ஆபத்து. லேகியத்த எறிங்க. சிகரெட்ட விடுங்க. நடங்க." கொஞ்சம் நிறுத்தினார். "மனிசிக்கிட்டச் சொன்னீங்களா?"

அன்சார் ஹெல்மெட்டை எடுத்து மறுபடியும் தலையில் மாட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை ஜெஸீமாவின் காக்காமார் ஹோலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அன்சாரோடு நானும் போயிருந்தேன். யாரும் வாய் திறக்க முதல் அன்சார் அவளை அடுப்படிக்குக் கூப்பிட்டான். கதவு சாத்தப்பட்டது. நான் நிலத்தைப் பார்த்தபடி அல்லாஹ்விடம் துஆ கேட்டுக்கொண்டிருந்தேன்.

உள்ளே அன்சாரின் தாழ்ந்த குரல். பிறகு அழுகை... இல்லை, சிரிப்பு... இல்லை, இரண்டும்.

"அல்லாஹ்வே! இதுக்கா உம்மாட ஊட்ட போனீங்க? அவள்ற பேர் என்னண்டு யோசிச்சி யோசிச்சி நான் நித்திரையில்லாம கிடந்தன்!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து தன் காக்காமாரிடம் சொன்னாள். "ஒண்டுமில்ல காக்கா, இவருக்குச் சீனியாம். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க." அன்சாருக்கு மட்டும் சீனி போடாத தேத்தண்ணி. அதையும் அமிர்தம் மாதிரிக் குடித்தான். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது.

ஒரு வீடு உடைய இருந்தது... வேறொரு பெண்ணால் அல்ல, வாயைத் திறக்காததால். பல்வலிக்கு ஓடுகிறோம், மூட்டுவலிக்கு ஓடுகிறோம். இதற்கு மட்டும் ஏன் ஒளிகிறோம்?

விடைபெறும்போது ஜெஸீமாவின் மூத்த காக்கா — கதைக்க வந்தவர்களில் பெரிய மீசை அவருக்குத்தான் — என்னை வாசல் படலையடியில் ஒதுக்கினார். குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் சீனி இரிக்கி காக்கா. நானும் கொஞ்ச நாளா எங்கட உம்மாட ஊட்டதான் படுக்கிறன்... உம்மாவுக்குச் சுகமில்ல. மச்சானுக்குச் சீனி பாத்த டொக்டர் எத்தின மணிக்கு வருவாரு?"

ஆகவே, வாசக சகோதரர்களே, உங்கள் உம்மாவுக்கும் கொஞ்ச நாளாகச் சுகமில்லையா? முதலில் உங்கள் சீனியைச் சோதித்துப் பாருங்கள்!