வினாயகபுரத்தில் அறுந்த பெல்ட்

போன கிழமை என் பழைய வேனுக்கு ஃபேன் பெல்ட் மாற்றினேன். கல்முனையில் நான் வழக்கமாகப் போகும் கராஜில், பாஸ் பழையதைக் கழற்றி உட்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். குறுக்கே முழுக்க வெடிப்பு. இன்னும் கொஞ்சம் ஓடியிருக்கும் என்றேன். எதுவரைக்கும் என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. பெல்ட் என்ன, கராஜ் வாசலில் வைத்தா அறுகிறது?

எனக்கு ஒருமுறை வினாயகபுரத்தில் அறுந்தது. சுனாமி வந்துபோய்விட்டது, யுத்தம் இன்னும் முடியவில்லை. பொழுது சாய முன் வீடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று எல்லோரும் அவசரப்பட்ட காலம். தங்கச்சி றிஸானா பொத்துவிலில் வாழ்க்கைப்பட்டவள். பிரசவத்துக்கு அவளைக் கல்முனைக்குக் கூட்டிவரப் போயிருந்தேன். போன இடத்தில் அவளுக்கு வலி தொடங்கிவிட்டது. மூத்தவன் பிறந்த கல்முனை ஆஸ்பத்திரிக்கே போவோம் என்று பிடிவாதமாக நின்றாள். அவளையும் கணவர் பளீல் மச்சானையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

வினாயகபுரம் வரும்போது பட்டென்று ஒரு சத்தம். சார்ஜ் லைட் எரிந்தது. கொஞ்சத் தூரத்துக்குள் ஹீட் முள் உச்சிக்கு ஏறிவிட்டது. ஓரம் கட்டி, முன் சீட்டைத் தூக்கினேன் — இந்த வேனுக்கு எஞ்சின் அதற்குக் கீழேதான். பெல்ட் இரண்டு துண்டு. அது இல்லாவிட்டால் தண்ணீர்ப் பம்ப் சுற்றாது, எஞ்சின் கொதித்து இறுகிவிடும். கையில் வேறு பெல்ட் இல்லை.

இரண்டு வாகனங்கள் நிற்காமல் போயின. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த நாட்களில் தெரியாத வேனுக்கு யார் நிற்பார்கள்? தமிழ்க் கிராமத்து வேலியோரத்தில் நாங்கள் மூன்று முஸ்லிம்கள். யாரும் எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனாலும் பயம் இருந்தது. எங்களைப் பார்த்த அவர்களுக்கும் இருந்திருக்கும்.

வலையோடு வந்த ஒருவர்தான் முதலில் கிட்ட வந்தார். ஊரில் இருந்த ஒரே ஆட்டோவும் திருக்கோவிலுக்கு ஹயர் போய்விட்டதாம். எஞ்சினை எட்டிப் பார்த்துவிட்டு, தன் அண்ணி வீட்டு வளவில் இதே மாடல் வேன் ஒன்று கிடக்கிறது, ஆனால் தொட விடமாட்டா என்றார். பழைய இரும்புக்கு எடுக்க வந்தவர்களையெல்லாம் ஏசித் துரத்தியிருக்கிறாவாம்.

ஆனாலும் கூட்டிப் போனார். அண்ணியின் பெயர் யோகம். நாற்பது வயது இருக்கும். வளவின் மூலையில் வேன் கிடந்தது. கண்ணாடி இல்லை, கதவு நெளிந்து, சக்கரம் பாதி மணலுக்குள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவ என்னைப் பார்க்கவில்லை. வேனைப் பார்த்துக்கொண்டே சொன்னா:

“கடல் வருகுதெண்டு கேட்டு வேன எடுக்க ஓடின மனிசன். வேன் மட்டும்தான் கிடைச்சது.”

சரி அக்கா என்று திரும்பி நடந்தேன். பின்னால் அவவும் வந்தா. ரோட்டுக்கு வந்து, வேனுக்குள் தலையை நீட்டி, எத்தனையாவது பிள்ளை என்று றிஸானாவிடம் கேட்டா. இரண்டாவது என்றாள் இவள். மூத்தது?

றிஸானா கடல் பக்கம் கையைக் காட்டினாள்.

யோகம் அக்கா தலையை வெளியே எடுத்தா. பிறகு வீட்டுக்குப் போய், துணியில் சுற்றிய ஸ்பேனர் கட்டு ஒன்றை எடுத்து வந்து என் கையில் தந்தா. கணவருடையது.

“கழட்டுங்க தம்பி.”

சொல்வது லேசு. உப்புத் தண்ணீர் குடித்த நட்டுகள்... மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, பெல்ட்டை இழுத்துப் பிடித்திருக்கும் டைனமோவைத் தட்டித் தட்டி அசைக்க வேண்டியிருந்தது. மச்சான் ரோட்டுக்கும் வளவுக்குமாக நடந்தார். யோகம் அக்கா வேனில் ஏறி, றிஸானாவின் இடுப்பை நீவிவிட்டுக்கொண்டிருந்தா. இருவரும் தாழ்ந்த குரலில் கதைத்தார்கள். என்ன கதைத்தார்கள் என்று இன்றுவரை தங்கச்சி சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

பெல்ட் காய்ந்துதான் இருந்தது. ஆனால் அறவில்லை. அதை எங்கள் எஞ்சினில் மாட்டி, டைனமோவை இரும்புக் கம்பியால் நெம்பி இறுக்கி, கிணற்றுத் தண்ணீரை ரேடியேட்டருக்கு ஊற்றினேன். ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்தியது. பிறகு அடங்கியது. அக்கரைப்பற்றுக்கு அப்பால் செக் பொயின்டில் டோர்ச் அடித்துப் பார்த்த சிப்பாய், றிஸானாவின் முகத்தைக் கண்டதும் போகச் சொல்லிக் கையைக் காட்டினான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். பெண் பிள்ளை. அல்ஹம்துலில்லாஹ், தாயும் பிள்ளையும் சுகம்.

உதவி செய்தவரிடம் திரும்பிப் போவதை நாம் எவ்வளவு சுலபமாகத் தள்ளிப்போடுகிறோம்... றிஸானா விடவில்லை. நாற்பது நாள் கழிந்த கையோடு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு புறப்பட்டாள். நான் புதுப் பெல்ட் போட்டுவிட்டு, அவவுடையதைத் துடைத்து எடுத்துப் போனேன். கழற்றிய இடத்திலேயே மாட்டிக் கொடுக்கலாம் என்று நினைப்பு.

வளவில் வேன் இல்லை. அந்த இடத்தில் நான்கு கத்தரிப் பாத்தி.

இரும்புக்குக் கொடுத்துவிட்டாவாம். நாங்கள் கேட்டதால்தானோ என்று எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது.

“ஒருக்காக் கை வச்சாப் பிறகு அது வெறும் வேன்தானே தம்பி” என்றா. சொல்லிவிட்டுப் பிள்ளையை வாங்கி மடியில் கிடத்திக்கொண்டா. றிஸானா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

நான் பெல்ட்டோடு நின்றேன். அக்கா அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆடு கத்தரிப் பாத்திக்குள் பூராமல் வேலிப் படலையை அதால் இழுத்துக் கட்டிவிடச் சொன்னா.

கட்டினேன். நல்ல இறுக்கம்.