பிரவுன் அட்டைக்குள் ஒரு முதலை

போன சனிக்கிழமை காலை அந்த இரண்டாம் வகுப்பு அறையில் இருந்தவர்கள் – வகுப்பு டீச்சர், நான், என் வீட்டுக்காரர், எங்கள் மகள் பவித்ரா. நாலே பேர். வேண்டுமானால் என் படபடப்பையும் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

வரச் சொல்லி டைரியில் எழுதி அனுப்பியிருந்தார் டீச்சர். எதற்கு என்று எழுதவில்லை. எதற்கு என்று தெரியாவிட்டால் என்னைப் போன்றவளுக்குச் சோறு இறங்குமா? ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்குத் தெரிந்த கதைதான். மகளும் அப்படி நின்றுவிடுவாளோ என்பது என் ஒரே பயம்... சரி, இருக்கிற பயங்களிலேயே பெரிய பயம்.

"போர்டுல எழுதினா கடகடன்னு படிக்கிறா. ஆனா வெள்ளிக்கிழமை கதைப் புத்தகம் குடுத்தா, கையப் பின்னால கட்டிக்கிறா. தொடவே மாட்றா. வீட்ல கதைப் புத்தகம் ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார் டீச்சர்.

எனக்குச் சுருக்கென்றது. "ஒரு அலமாரியே இருக்கு டீச்சர்."

பொய்யில்லை. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் மற்றவர்கள் சட்டைக்கும் செருப்புக்கும் பேரம் பேசும்போது, நான் பழைய புத்தகக் குவியல் முன்னால் உட்கார்ந்திருப்பேன். நான் படிக்காததை எல்லாம் அவள் படிக்கட்டும் என்று.

அப்புறம் ஏன் தொட மாட்டேன் என்கிறாள்? டீச்சருக்கும் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

"நான் வேணா போயி எடுத்தாரட்டுமா?" என்றார் வீட்டுக்காரர். மொபெட்டில் போய் ஒரு கட்டைப்பை நிறைய அள்ளிவந்தார்.

டீச்சர் எல்லாவற்றையும் பெஞ்சில் பரப்பினார். அத்தனைக்கும் பிரவுன் அட்டை. மூலை மடித்து, லேபிள் ஒட்டி, மகள் பெயர் எழுதி... ஜூன் மாதம் பாடப் புத்தகங்களுக்குப் போடுகிற அதே அக்கறையோடு, வாங்கிவந்த கையோடு நான் போட்டது. டீச்சர் பாராட்டப்போகிறார் என்றே நினைத்தேன்.

"பவித்ரா, இதெல்லாம் என்ன புக்கு?"

"மூணாங்கிளாஸ் புக்கு டீச்சர்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அட்ட போட்டு மேல வெச்சிருக்காங்க. பாஸானாத்தான் எடுக்கணும்."

"சரி, நான் குடுக்கறத ஏன் தொடல?"

"கிழிஞ்சிட்டா அம்மா திட்டும்."

வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "நான் அப்பவே சொன்னேன், கேட்டாதானே."

"எப்ப சொன்னீங்க? கோந்து வாங்கியாந்தது யாரு?"

டீச்சர் கையில் கிடைத்த ஒரு புத்தகத்தின் அட்டையைச் சரக்கென்று கிழித்தார். உள்ளே பச்சை முதலை, வாய் நிறையப் பல். பவித்ரா கட்டிக்கொண்டிருந்த கையை விட்டாள். குனிந்தாள். முதல் வரியைப் படித்தாள். அடுத்த பக்கத்தை அவளே திருப்பினாள்.

அப்போதுதான் டீச்சரின் பீரோ என் கண்ணில் பட்டது. கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாகப் புத்தகங்கள். எல்லாமே பிரவுன்.

"டீச்சர்... உங்க பீரோவுலயும் அப்படித்தான இருக்கு?"

"அது வேறங்க. கிழிஞ்சா நான்ல பதில் சொல்லணும்" என்றவர், இடுப்பிலிருந்த சாவியைக் கையில் எடுத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். மறுபடி இடுப்பிலேயே செருகிக்கொண்டார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து எல்லா அட்டைகளையும் உரித்துவிட்டேன். இப்போது புத்தகங்கள் தரையில் கிடக்கின்றன. முறுக்குத் தின்ற விரலோடு பக்கம் திருப்புகிறாள். குப்புறப் படுத்துக்கொண்டு ஒன்றைப் படிக்கிறாள், கால் இன்னொன்றின் மேல். "காலு பட்டா கண்ணுல ஒத்திக்கணும்ல?" என்றால், படிக்கிற பக்கத்தைவிட்டுக் கண் எடுக்காமல் காலடியில் கிடக்கிற புத்தகத்தைத் தடவி, கண்ணில் ஒத்திக்கொள்கிறாள். இது மரியாதையா, அவமரியாதையா? புத்தகத்தைக் கும்பிடச் சொல்லிக் கொடுத்தேன், அவள் கிட்டவே போகவில்லை. விட்டுவிட்டேன், கிழிக்கிறாள். எது சரி? படித்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

நேற்று சாயங்காலம் தோசை வார்த்துவைத்துக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். என் குரலுக்கு அவள் வராமல் இருந்தது இதுதான் முதல் தடவை.

"இரும்மா. நரி இன்னும் கெணத்துக்குள்ளதான் இருக்கு."

தோசைக் கரண்டியும் கையுமாக நின்றேன். அதட்டுவதா, விடுவதா?

அடுப்பை அணைத்தேன். நரி மெதுவாகவே ஏறி வரட்டும்.