துரை சொன்ன கல்லூரி

மதராஸிலும் மைசூரிலும் எனக்கு பி.ஏ. படிக்க இடம் கிடைத்திருந்தது. மதராஸில் கணிதம், மைசூரில் இலக்கியம். நான் கணிதம் என்று முடிவு செய்திருந்தேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு வெள்ளைக்காரத் துரையின் தேயிலை எஸ்டேட்டில் குமாஸ்தாவாக இருந்த அப்பா ஆபீசிலிருந்து வந்ததும், "மைசூருக்கே போ கண்ணு. பொம்பளப் புள்ளைக்குக் கணக்கு எதுக்குன்னு துரை கேக்கறாரு" என்றார்.

"படிக்கப் போறது நானுங்களா, துரைங்களா?" என்று கத்தினேன்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "நாம இருக்கற ஊடே அவரு குடுத்ததும்மா."

அப்பாவின் மேலிருந்த கோபம் துரையின் மேல் திரும்பியது. "நானே பங்களாவுக்குப் போய்க் கேக்கறனுங்க" என்று கிளம்பினேன். அப்பா வழியை மறித்தார்.

"வேண்டாம். நான் சொல்லிக்கறேன். நீ மதராஸுக்கே போ."

சொன்னார். நான் கல்லூரியில் சேர்ந்த மாதமே வீட்டைக் காலி செய்ய வைத்துவிட்டார் துரை.

நான் பட்டம் வாங்கினேன். ஆனால் பிடித்த பாடத்தை ஒருத்தி படிப்பதற்கு ஒரு குடும்பமே தெருவுக்கு வர வேண்டுமா? அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.