அரபி மிஸ்ஸின் தப்பு நோட்டு

எங்கள் இன்டர்நேஷனல் ஸ்கூலில் அரபி மிஸ் என்றால் பியூன் முதல் பிரின்சிபால் வரை எல்லோருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. அரபியும் இஸ்லாமியக் கல்வியும் அவருடைய பாடங்கள். எல்லா மதத்துப் பிள்ளைகளும் சேர்ந்து உட்காரும் நீதிபோதனை வகுப்பும் அவர் தலையில்தான். பதினொரு வருடமாக அவருக்கு அடுத்த வகுப்பறையில் நான் கணக்கு எடுக்கிறேன். நடுவில் இருப்பது வெறும் பிளைவுட் தடுப்பு. நான் பின்னத்தைக் கூட்டச் சொல்லும் நேரம் பார்த்து, அந்தப் பக்கம் இருபத்தெட்டுப் பிள்ளைகள் தொண்டைக்குள்ளிருந்து ஒரு எழுத்தை இழுத்துப் பழகுவார்கள். கூட்டமாக நின்று வாய் கொப்பளிப்பது போல இருக்கும். தடுப்பைத் தட்டினால், இன்னும் இரண்டு நிமிடம் என்று பதில் வரும். சரியாக இரண்டாவது நிமிடம் சத்தம் நின்றுவிடும். அந்த வாக்குச் சுத்தம்தான் எனக்கு அவரிடம் எரிச்சல், பிடித்ததும் அதுதான்.

அவர் வந்தது முன்பிருந்த ஆசிரியையின் ஆறு வார லீவுக்கு மாற்றாளாக. முதல் மாதமே ஒரு வினை. சுவரில் ஒட்டிய எழுத்து சார்ட் கிழிந்து கிடக்க, ஒரு சிறுமியைப் பிடித்துத் திட்டிவிட்டார். மறுநாள் இரண்டாவது சார்ட்டும் எல்லோர் கண் முன்னாலேயே கிழிந்தது. குற்றவாளி மின்விசிறி. நாங்களாக இருந்தால் விசிறியை நிறுத்திவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்திருப்போம். இவர் அந்தச் சிறுமியின் பெஞ்சுக்குப் போய், எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டார். அன்று மாலையே ஒரு நோட்டு வாங்கி, கரும்பலகை பக்கத்து ஆணியில் நூல் கட்டித் தொங்கவிட்டார். மிஸ் செய்யும் தப்பைப் பிள்ளைகள் அதில் எழுதலாம். உண்மையென்றால் அடுத்த வகுப்பில் மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்துப் போடுவார். அதற்குப் பெயர் தப்பு நோட்டு.

நான் புரட்டிப் பார்த்திருக்கிறேன். 'மூணு நிமிஷம் லேட்.' 'என் பேனாவை வாங்கித் திருப்பித் தரலை.' 'ஒருத்தன் பேசினதுக்கு எல்லாரையும் நிக்க வெச்சாங்க.' ஒவ்வொன்றின் கீழும் அவர் கையெழுத்து. ஊருக்குத்தான் உபதேசம் என்பது நம் தொழிலின் அடிப்படை விதி. அந்த விதியையே இவர் உடைத்தால் எங்கள் பிழைப்பு என்னாவது என்று ஸ்டாஃப் ரூமில் நான் கேலி செய்ததும் உண்டு.

போன வருடம் புது பிரின்சிபால் வந்தார். கெட்டவர் இல்லை, எல்லாம் பளபளப்பாக இருக்க வேண்டும் அவ்வளவுதான். நிர்வாகத்துக்கு ஒரு யோசனை இருந்தது. அரபி, நீதிபோதனை இரண்டையும் தலைமை அலுவலகத்திலிருந்து இணையம் வழியாகத் திரையில் நடத்திவிட்டால் இங்கே ஆள் வேண்டாம். ஆய்வுக்குழு வந்து பார்க்கப் போகிறது. நல்ல மதிப்பீடு வராவிட்டால் அரபி மிஸ்ஸின் ஒப்பந்தம் அந்த வருடத்தோடு முடியும். அவருடைய இரண்டு பெண்களும் ஆசிரியை பிள்ளைகள் என்ற சலுகையில் இங்கேதான் படிக்கிறார்கள். அம்மா வெளியே போனால் அவர்களும் வெளியேதான்.

குழு ஆறாம் வகுப்பு நீதிபோதனைக்கு வரும் என்று தெரிந்ததும், அந்த நோட்டு கண்ணில் படக்கூடாது என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார். அரபி மிஸ் என்னிடம் வந்து கையைப் பிசைந்தார்.

"ஒரு நாள்தானே மிஸ். டிராயர்ல போட்டுடுங்க. யாரு கேக்கப் போறா?" என்றேன். வெறும் ஆணி உறுத்தியதால் அதில் ஒரு காலண்டரை மாட்டியதும் நான்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கை இந்தக் கை.

ஆய்வாளர்கள் இரண்டு பேர் வந்தார்கள். கழுத்தில் கண்ணாடி தொங்கும் ஒரு அம்மாள், தலை நிமிராமல் எழுதும் ஒரு மனிதர். நாற்காலி போடும் சாக்கில் நானும் பின்னால் உட்கார்ந்துகொண்டேன், பக்கத்தில் பிரின்சிபால். பாடம் அமானத். நம்மை நம்பி ஒருவர் ஒப்படைத்ததை, அவர் பார்க்காதபோதும் காப்பாற்றுவது. பிள்ளைகள் மளமளவென்று பதில் சொன்னார்கள். தேறிவிட்டோம் என்று நான் நினைத்த நேரத்தில் முன் பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. வகுப்பில் அவளுக்கு வக்கீல் என்று பெயர்.

"மிஸ், நம்ம தப்பு நோட்டு எங்க? அதுவும் அமானத்துதானே?"

பிரின்சிபால் முந்திக்கொண்டார். "அது பைண்டிங்குக்குப் போயிருக்கும்மா."

அழகான பொய். அரபி மிஸ் சும்மா இருந்தால் போதும், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும். அவர் காலண்டரைப் பார்த்தார். நான்காம் வகுப்பில் இருக்கும் சின்னவளும் எட்டாம் வகுப்பில் இருக்கும் பெரியவளும் அந்த நேரம் அவர் மனதில் வராமல் இருந்திருக்க மாட்டார்கள்.

"இல்லம்மா, பைண்டிங்குக்குப் போகல," என்றார். "வர்றவங்க பாத்தா என்ன நெனப்பாங்களோன்னு பயந்து நான்தான் டிராயர்ல வெச்சேன். அது உங்க நோட்டு. உங்கள கேக்காம எடுத்தது தப்பு. எடுத்து எழுது."

யார் சொல்லி எடுத்தார் என்று சொல்லவில்லை. பிரின்சிபால் பெயரும் வரவில்லை, என் பெயரும் வரவில்லை. வக்கீல் டிராயரைத் திறந்து, நிதானமாக எழுதி நீட்டினாள். மிஸ் கையெழுத்துப் போட்டார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாரே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கண்ணாடி அம்மாள் எழுந்து வந்து நோட்டை வாங்கினார். நின்றபடியே பத்துப் பக்கம் படித்தார். பேனா விஷயத்தில் சிரித்துவிட்டு, இப்படி எழுதினால் மிஸ் கோபித்துக்கொள்ள மாட்டார்களா என்று வக்கீலைக் கேட்டார்.

"கோவிச்சுக்கிட்டா அதையும் எழுதிடுவோம்," என்றாள் அவள். எழுதிக்கொண்டே இருந்த மனிதர் முதல் தடவையாகத் தலை நிமிர்ந்தார்.

மூன்று வாரம் கழித்து அறிக்கை வந்தது. பிரின்சிபாலே ஸ்டாஃப் ரூமுக்கு வந்து வாசித்தார். பள்ளியிலேயே மிக உயர்ந்த மதிப்பீடு நீதிபோதனைக்கு. மற்ற வகுப்புகளில் பாடம் சொல்லப்பட்டது, இந்த வகுப்பில் பாடம் நடந்தது என்று எழுதியிருந்தார்கள். திரை யோசனை கைவிடப்பட்டது, ஒப்பந்தம் இன்னும் மூன்று வருடம். நாங்கள் மேஜையைத் தட்டிய வேகத்தில் டீ கப்புகள் ஆடின. அரபி மிஸ் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆறாம் வகுப்புக்கு நேரமாகிறது என்று ஓடினார். லேட் என்று எழுதிவிடுவார்களாம். மாலையில் பியூன் ஒரு இருநூறு பக்க நோட்டைக் கொண்டுவந்து அவர் மேஜையில் வைத்தான். பிரின்சிபால் கொடுத்தனுப்பினாராம், பழையது தீரப் போகிறதே என்று.

மறுநாள் நான் ஆறாம் வகுப்புக்குப் போய், காலண்டர் மாட்டியது நான் என்று சொன்னேன். வக்கீல் யோசித்தாள். "இது எங்க மிஸ்ஸோட நோட்டு. உங்களுக்குத் தனியா போடணும் மிஸ்," என்றாள்.

போட்டேன். இப்போது என் கரும்பலகை பக்கத்திலும் ஒரு ஆணி. முதல் நாளே முதல் பதிவு விழுந்தது: 'ரொம்ப ஈஸியான கணக்குன்னு சொன்னாங்க. ஈஸியா இல்ல.' இருபது வருடமாகச் சொல்லிவரும் பொய். மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தடுப்பைத் தட்டி அரபி மிஸ்ஸிடம் சொன்னேன். தொண்டை எழுத்து சட்டென்று நின்றது. அந்தப் பக்கம் இருபத்தெட்டுப் பேரும் எனக்காகக் கைதட்டினார்கள்.