பட்டு நூல் கட்டிய கல்

வாடகைத் தறிக்கூடத்தைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. மழைக்கு முன்னாடி எங்க மனையில ஒரு கூடம் எழும்பலன்னா என் பொண்டாட்டியோட தறியைப் பிரிச்சுப் போட வேண்டியதுதான். தறி நின்னா, நெய்யக் குடுக்கிற பட்டுப் பாவு நூலை முதலாளி வேற வீட்டுக்குக் கொடுத்துடுவார்.

நான்தான் பெரிசா வாய் விட்டேன். சூளையும் புகையும் எதுக்கு, ஏரி மண்ணு, அரிசி மில்லு உமிச் சாம்பல், கொஞ்சம் சுண்ணாம்பு போதும், கை மிஷின்ல அழுத்தி சுடாத கல்லு போடலாம்னேன். கட்டட சூப்பர்வைசர்ங்கிற திமிரு. பக்கத்து வீட்டுக்காரர், "சாம்பல்ல வீடா? மிச்சமிருந்தா குடுங்க, பல்லு வெளக்கலாம்"னார்.

சோதனைக்குப் பத்து கல்லு போட்டேன். அஞ்சுல வெறும் தண்ணி. அஞ்சுல, பாவுக்குத் தடவி மிஞ்சின கஞ்சி. நூலை விறைப்பா நிக்க வைக்கிற கஞ்சி கல்லை நிக்க வைக்காதா? அடையாளத்துக்குத் தண்ணிக் கல்லுல செவப்புப் பட்டு நூல், கஞ்சிக் கல்லுல பச்சை நூல் சுத்தினேன். சுண்ணாம்பு இறுகணும், மூணு வாரம் ஈரச் சாக்கு மூடி வைம்மான்னு அவகிட்ட சொல்லிட்டு, தினமும் வந்தவாசி வேலைக்குப் போய்கினு இருந்தேன்.

கெடு முடிஞ்ச அன்னிக்கு கரையுதான்னு பார்க்க அவளே காலையில எல்லாத்தையும் தண்ணித் தொட்டியில போட்டிருந்தா. சாயந்திரம் வந்து பார்த்தா அஞ்சு சேறாக் கரைஞ்சு கெடக்கு. அஞ்சு கிண்ணுன்னு நிக்குது. எது எதுன்னு பார்க்க நூலைத் தேடினேன். ஒண்ணுத்துலயும் இல்ல.

"நூலு எங்க?"

"கழிவுப் பையிலங்க. பட்டு இழை வெளியில கெடந்தா கை சும்மா இருக்குமா?"

ஆரணியில யார் கையும் சும்மா இருக்காது. அறுந்த இழையையும் எடை போட்டு விக்கிற ஊரு. ஆனாலும் கத்தித் தீர்த்தேன். மூணு வாரம் பாழாப் போச்சேன்னு பேஜாரா இருந்துச்சு.

நின்ன கல்லை ஒவ்வொண்ணா மோந்து பார்த்தேன். மூணுல புளிச்ச கஞ்சி வாடை. ரெண்டுல மண் வாடை மட்டும். அப்போ கஞ்சியும் காரணமில்ல, தண்ணியும் காரணமில்ல! ஒண்ணும் புரியாம உக்காந்துட்டேன்.

"நின்ன அஞ்சும் சாக்குக்கு அடியில இருந்ததுங்க," அவ மெதுவா சொன்னா. "இருந்தது ரெண்டு சாக்கு. வெயில்ல காஞ்சு தறியில இழை அறுந்துகினே இருந்துச்சு. ஒண்ணை நனைச்சு பாவுக்கு அடியில போட்டுட்டேன். மிச்ச அஞ்சு கல்லு மூடாமலே கெடந்துச்சு."

எனக்கு வெக்கமா போச்சு. ஈரம் பத்தாம கரைஞ்ச கல்லுக்கு, நூலைக் காணோம்னு அவளைத் திட்டியிருக்கேன்.

"நாளைக்கே மில்லுல நூறு சாக்கு வாங்கியாறேன்"னேன். "கல்லு காய விடாம ஈரமா வெச்சா போதும், நின்னுடும்."

அவ தெக்கே சேத்துப்பட்டு பக்கம் கறுத்துகினு வர்ற வானத்தைப் பார்த்தா.

"இன்னும் மூணு வாரமா? மழை வந்தா உங்க கல்லுக்கு நல்லதுதாங்க. கூரையில்லாத என் பாவுக்கு?"